மாமாவின் 210 சீடிகளும் 90 கசெட்டுகளும்: எதை எங்கே வைப்பது?

கொட்டாஞ்சேனை வீட்டை விற்றுவிட்டு வெள்ளவத்தையில் நாலாம் மாடிப் பிளாட் ஒன்றுக்குப் போவதென்று மாமாவும் மாமியும் முடிவெடுத்த அன்றே இந்தப் பேச்சு தொடங்கிவிட்டது. முன் விறாந்தையில் சுவர் நீளத்துக்கு ஓர் அலுமாரி. அதற்குள் 210 சீடி, 90 கசெட். புது வீட்டில் அந்த அலுமாரியை வைக்கச் சுவரே இல்லை என்பதை மாமி டேப் பிடித்து அளந்து காட்டிவிட்டார்.

“பிள்ளை, உதெல்லாத்தையும் ஒரு போனுக்குள்ள அடக்கலாமாம், மெய்யே?” என்று மாமா கேட்டார்.

அடக்கலாம். எந்த வழியால் என்பதில்தான் நாங்கள் ஆறு வாரம் மாறி மாறிக் கதைத்தோம். கொழும்பில் பல வீடுகளில் இதே அலுமாரி இருக்கிறது, இதே கேள்வியும் இருக்கிறது என்பதால் நாங்கள் எடைபோட்டுப் பார்த்த வழிகளை எழுதுகிறேன்.

முதலில் மாமாவின் நிபந்தனை. சும்மா கிடைக்கிறது என்று பாட்டுத் தளங்களில் இருந்து ஒன்றையும் டவுன்லோட் பண்ணக் கூடாது. சேர்த்து வைத்ததை யாருக்கும் பிரதி போட்டுக் கொடுக்கவும் கூடாது. அவருக்கு இது சட்டப் பயம் இல்லை. அவரிடம் இருக்கும் ஈழத்துச் சீடிகள் பெரும்பாலும் வெளியீட்டு விழாக்களில் வாங்கியவை. கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபத்தில் வரிசையில் நின்று, என்வலப்பில் காசு வைத்து மேடையில் கொடுத்து, சிறப்புப் பிரதி வாங்கி வந்தவர் அவர். அந்த என்வலப்புகளில் சேர்ந்த காசைத் தவிர வேறு வருமானம் அந்தப் பாடகருக்கோ மிருதங்கக்காரருக்கோ அந்த ஒலிப்பதிவால் வந்திருக்காது. “அவையின்ர முகத்தைப் பார்த்து வாங்கினது” என்பார். நானும் அந்த நிபந்தனையோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

எல்லாரும் முதலில் சொல்வது ஸ்ட்ரீமிங். மாதச் சந்தா கட்டினால் கோடிக்கணக்கான பாட்டு. அலுமாரியும் வேண்டாம், தூசியும் இல்லை. அப்பிள் மியூசிக் இங்கே 2015 தொடக்கம் இருக்கிறது. ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில் புதிதாக 80க்கு மேற்பட்ட நாடுகளுக்கு வந்தபோது இலங்கைக்கும் வந்தது. சீடி ஒன்றும் கையில் இல்லாத, சினிமாப் பாட்டு மட்டும் கேட்கிற இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. இசைக்கு உரியவர்களுக்கும் கொஞ்சமாவது காசு போகிறது.

ஆனால் மாமாவுக்கு அது போதுமா என்று பார்க்க ஒரு ஞாயிறு பின்னேரம் அலுமாரியின் நடுத்தட்டில் இருந்த சீடிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தேடினேன். சினிமாப் பாட்டுகள் அநேகமாக எல்லாம் இருந்தன. கர்நாடக இசையில் வித்துவான்கள் இருந்தார்கள், ஆனால் மாமாவிடம் இருக்கிற கச்சேரி இல்லை, வேறு கச்சேரி. ஈழத்து வெளியீடுகள் பதினொன்றைத் தேடியதில் இரண்டுதான் அகப்பட்டன. பொப்பிசையில் ஏ.ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் போன்ற பெயர்பெற்றவர்களைத் தேடி எடுக்கலாம். 90களிலும் 2000களிலும் கொழும்பில் சொந்தக் காசு போட்டு ஒரேயொரு சீடி வெளியிட்டுவிட்டு நின்றுபோனவர்களைத் தேடினால் வெறும் திரைதான்.

இன்னொரு விசயம், சந்தா என்பது வாடகை. கட்டணம் நின்றால் அந்த மாதமே வீடு மௌனமாகிவிடும். 2022இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாயில் இருந்து 360 ரூபாய்க்குப் போனபோது, டொலரில் காசு எடுக்கும் சேவைகளின் கட்டணமும் கூடவே ஏறியது. ஓய்வூதியத்தில் இருப்பவருக்கு அது சின்ன விசயம் இல்லை. ‘டவுன்லோட்’ என்று அந்தச் செயலிகளில் ஒரு பொத்தான் இருந்தாலும், அதில் சேமிக்கும் பாட்டு உங்களுடைய கோப்பு ஆகாது. ஸ்பொட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு தடவையாவது இணையத்தில் இணையாவிட்டால் அவை திறக்காது. உரிம ஒப்பந்தம் முடிந்தால் பாட்டு சாம்பல் நிறமாகிவிடும், யாரும் உங்களிடம் கேட்கமாட்டார்கள்.

அந்த 2022 மார்ச் மாதக் கடைசியை நினைத்துப் பாருங்கள். 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. கொஞ்ச நேரத்தில் தொலைபேசிக் கோபுரத்தின் பற்றரியும் இறங்க, சிக்னலும் போய்விடும். அந்த இருட்டில் பாட்டுக் கேட்டவர்கள் போனுக்குள்ளேயே கோப்பை வைத்திருந்தவர்களும் பற்றரி றேடியோக்காரரும்தான். மாமா அப்போது பழைய டிரான்சிஸ்டரைத் துடைத்து எடுத்து வைத்திருந்தார்.

அடுத்து மாமி சொன்ன வழி. சரிகம நிறுவனத்தின் கரவான் போல, பாட்டுகளை உள்ளேயே ஏற்றி விற்கிற றேடியோப் பெட்டி. தமிழ்ப் பெட்டியும் இருக்கிறது, 5,000 பாட்டு. இணையம் வேண்டாம், திருகினால் பாடும். கண் பார்வை மங்கியவர்களுக்கும் போனைக் கண்டாலே கை நடுங்குபவர்களுக்கும் இதைவிட நல்ல பரிசு இல்லை. என் பெரியம்மாவுக்கு நான் இதைத்தான் வாங்கிக் கொடுத்தேன், நாலு வருசமாக ஒரு நாளும் அவர் யாரையும் உதவிக்குக் கூப்பிட்டதில்லை. ஆனால் அதில் அந்த நிறுவனத்துக்கு உரிமை உள்ள பாட்டுகள்தான் இருக்கும். அலுமாரிக்கு அது மாற்று ஆகாது.

ஆக, சொந்தச் சீடிகளையே கோப்பாக மாற்றுவது. இதில்தான் வேலையும் இருக்கிறது, பலனும் இருக்கிறது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், சட்டபூர்வமான பிரதியை வைத்திருக்கும் ஒருவர் தன் சொந்தத் தேவைக்கு மட்டும் ஒரு பிரதி எடுக்க இடம் தருகிறது. ‘ஒரு’ என்ற சொல்லை வழக்கறிஞர்கள் இறுக்கமாகவே படிக்கக் கூடும். பழுதானால் உதவ அதே ஆள் வைத்திருக்கும் காப்பை அந்த ஒரு பிரதியின் தொடர்ச்சியாகத்தான் நான் பார்க்கிறேன். ஆனால் ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை: கோப்பாக்கிவிட்டுச் சீடியை விற்பதோ அன்பளிப்பாகக் கொடுப்பதோ சரியில்லை. சீடி கையில் இருக்கும்வரைதான் அந்தக் கோப்புக்கு நியாயம்.

அப்படியென்றால் அலுமாரி? அதற்கு வழி இருந்தது. ஒரு சீடியின் பிளாஸ்டிக் பெட்டி 10 மில்லிமீற்றர் தடிப்பு, உள்ளே இருக்கும் தட்டு வெறும் 1.2 மில்லிமீற்றர். இரண்டு மீற்றருக்கு மேல் நீண்டிருந்த வரிசையை, தட்டையும் கைநூலையும் மெல்லிய உறைக்குள் போட்டு இரண்டு சப்பாத்துப் பெட்டிக்குள் அடக்கிவிட்டோம். கடல் காற்றில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். மாமியின் கவலை அந்த மத்தியானமே தீர்ந்தது. பாட்டைப் பற்றிய கவலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

210இல் 38 சீடிகளை மாமாவே எடுத்து ஒதுக்கி வைத்தார். புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய, ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு அடைத்த எம்பி3 சீடிகளும், கூட்டாளிமார் எழுதிக் கொடுத்த வெற்றுச் சீடிகளும் அவை. “உது எங்கட இல்லை” என்றார். மிச்சம் 172.

இப்போதைய மடிக்கணினிகளில் சீடி போடும் தட்டு வருவதில்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் யூஎஸ்பியில் பொருத்தும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கினேன். விண்டோஸில் எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். கீறல் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும் அது. உலகத்தில் மற்றவர்கள் அதே சீடியை எடுத்தபோது வந்த எண்ணோடு ஒப்பிட்டு, சரியா பிழையா என்றும் சொல்லும். நம்முடைய தமிழ்ச் சீடிகளில் பல அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியானவற்றை இரண்டு தடவை எடுத்து, இரண்டும் ஒன்றாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். நேரம் இரட்டிக்கும், ஆனால் பத்து வருசம் கழித்து ஒரு கீச்சுச் சத்தம் கேட்டு வருந்த வேண்டியிருக்காது.

வடிவம் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். மூலக் கோப்பு ஃபிளாக். 2001இல் வந்த திறந்த வடிவம் அது, சீடியில் உள்ள ஒலியில் ஒரு துளியும் குறையாது, இடம் ஏறக்குறையப் பாதிதான் பிடிக்கும். 172 சீடியும் 57 ஜீபிக்குள் அடங்கின. 128 ஜீபி மைக்ரோ எஸ்டி அட்டை, விரல் நகமளவு, அதில் பாதி இன்னும் காலி. மாமா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அலுமாரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பெயர் போடுவதுதான் உண்மையான பாரம். ஆங்கிலச் சீடியைப் போட்டால் மியூசிக்பிரெயின்ஸ் போன்ற தரவுத்தளம் எல்லா விவரத்தையும் நிரப்பித் தரும். ஈழத்துச் சீடியைப் போட்டால் ‘டிராக் 01’, ‘டிராக் 02’ என்று நிற்கும். சினிமாப் பாட்டுக்கு விவரம் வந்தாலும் இளையராஜாவின் பெயர் ஆங்கிலத்தில் மூன்று நாலு விதமாக வரும், ஒரு ‘ஏ’ கூடினால் போனில் வேறு ஆளாகிவிடுவார். ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டோம். அல்பத்தின் கலைஞர் என்ற இடத்தில் இசையமைப்பாளர், கலைஞர் என்ற இடத்தில் பாடியவர்கள், கர்நாடக இசையானால் பாட்டின் பெயருக்குப் பக்கத்திலேயே ராகமும் தாளமும். எல்லாம் தமிழ் எழுத்தில். எம்பி3டேக் என்ற மென்பொருளில் ஒரு அல்பத்தை மொத்தமாகத் திருத்தலாம்.

கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்தோம். மாமாவின் மகன் ஓட்டுவது ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே இறக்குமதியான கார். அதில் இருக்கும் பெட்டிக்கு ஜப்பான் எழுத்துத் தெரியும், தமிழ் தெரியாது. தமிழில் எழுதினால் சதுரம் சதுரமாகத்தான் காட்டும். மாமாவின் குசினி றேடியோவிலும் ஒரு பாடம் படித்தோம். பென் டிரைவ் குத்திக் கேட்கும் மலிவான றேடியோக்கள் ஃபிளாக்கைப் படிக்காது, எம்பி3தான் வேண்டும். அதுவும் பெயர் வரிசையில் பாடாது, எந்த ஒழுங்கில் கொப்பி பண்ணினோமோ அந்த ஒழுங்கில் பாடும். முதல் நாள் சுப்ரபாதத்துக்கு முன்னால் தாலாட்டு வந்தது. ஒவ்வொரு கோப்புறையாக ஒழுங்காகப் போட்ட பிறகு சரியானது.

சீடியோடு வரும் கைநூலைப் போனில் படம் எடுத்து அதே கோப்புறையில் வைக்கச் சொல்வேன். 2004இல் வெளிவந்த பக்திப் பாடல் சீடி ஒன்றில், தம்புரா மீட்டியவரின் பெயர் அச்சில் விடுபட்டு, நீல மையில் கையால் எழுதியிருக்கிறது. பாடகரின் கையெழுத்தாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிரதியிலும் உட்கார்ந்து எழுதினாரோ என்னவோ. அந்தத் தம்புராக்காரரின் பெயர் இணையத்தில் எங்கும் இல்லை, இப்போது மாமாவின் போனில் இருக்கிறது.

கேட்பதற்கு மியூசிக்கோலெட் என்ற செயலியைப் போட்டுக் கொடுத்தேன். அது இணைய அனுமதியே கேட்பதில்லை. விளம்பரம் வந்து மாமா தவறுதலாக எதையும் அமத்திவிடுவார் என்ற பயம் இல்லை. அன்ட்ராய்ட் போனில் எஸ்டி அட்டை போடும் துளை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். ஐபோன்காரருக்கு இந்த வழி இல்லை.

இணைய மேகத்தில் ஏற்றி வைப்பதையும், பழைய கணினியில் ஜெல்லிஃபின் அல்லது நவிட்ரோம் என்ற மென்பொருளைப் போட்டு வீட்டுக்குள்ளேயே சொந்த ஸ்ட்ரீமிங் நடத்துவதையும் யோசித்தோம். கூகிள் பிளே மியூசிக்கில் பாட்டுகளை ஏற்றி வைத்தவர்கள் 2020 டிசம்பரில் அது மூடப்பட்டபோது மூட்டை கட்டி இடம் மாற வேண்டியிருந்தது, அது எனக்கு ஒரு பாடம். வீட்டுச் சேர்வர் நல்ல ஏற்பாடுதான், ஐந்தாறு பேர் உள்ள வீட்டில், கணினி தெரிந்த பிள்ளை ஒன்று கூடவே இருந்தால். 2025 பெப்ரவரி 9 போல நாடு முழுக்கக் கரண்ட் போய் வந்தால் அதை யார் திரும்ப எழுப்புவது? மாமாவும் மாமியும் மட்டும் இருக்கிற வீட்டுக்கு நான் அதைச் சொல்லவில்லை.

கசெட்டுகளுக்கு வருகிறேன். சீடி ஒன்றை ஏழு எட்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம். கசெட் ஓடுகிற நேரம் முழுக்க ஓடித்தான் ஆக வேண்டும். 90 கசெட் என்றால் ஒரு மணித்தியாலப்படி 90 மணித்தியாலம். ஆகவே எல்லாவற்றையும் எடுப்பதா என்று யோசிக்கும்போதே வகை பிரித்தோம். கடையில் வாங்கிய அசல் 30, இலங்கை வானொலியில் இருந்து மாமா பதிவு செய்தவை 12, வீட்டுக் குரல்கள் 7, மிச்சம் 41 றெக்கோடிங் பார் என்ற பாட்டுப் பதியும் கடைகளில் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கியவை.

வீட்டுக் குரல்களைத்தான் முதலில் எடுத்தோம். அவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதி இல்லை. டெக்கின் தலையை ஐசோபுறப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்து, ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஓடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றின் வழியாகக் கணினிக்குக் கொடுத்து, ஓடாசிட்டி என்ற மென்பொருளில் பதிந்தேன். மடிக்கணினியின் மைக் துளையில் நேரே குத்தினால் ஒலி ஒற்றையாகிக் கரகரக்கும், அதைச் செய்யாதீர்கள். அம்மம்மாவின் டிடிகே கசெட்டில் நாடாவை அமத்தும் சின்னக் கம்பளித் துண்டு பசை காய்ந்து விழுந்துவிட்டிருந்தது. பழுதான இன்னொரு கசெட்டில் இருந்து ஒன்றைக் கழற்றி ஒட்டினேன். அம்மம்மா தேவாரம் பாடுகிறார், நடுவில் புனித லூசியாள் பேராலய மணி கேட்கிறது, பாட்டை நிறுத்தி “அடுப்பைப் பாரடி” என்று யாரையோ சொல்லிவிட்டு விட்ட இடத்திலேயே தொடங்குகிறார். யாரை என்று கேட்டேன். “உன்ர அம்மாவைத்தான்” என்றார் மாமா. இரைச்சலைக் குறைக்கும் வசதி ஓடாசிட்டியில் இருக்கிறது. இந்தக் கோப்பில் நான் அதைத் தொடவில்லை.

வானொலிக் கசெட்டுகளில் அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரம் இரண்டு பக்கம் நிறைய இருக்கிறது. அதையும் எடுத்தோம், வீட்டுக்குள் மட்டும் கேட்பதற்கு.

காப்பு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். எஸ்டி அட்டை ஒருநாள் சொல்லாமல் சாகும். ஒரு ஹார்ட் டிஸ்க் மாமாவிடம், இன்னொன்று கடவுச்சொல் போட்டுப் பூட்டி என் வீட்டில். 2016 மே வெள்ளத்தில் வெல்லம்பிட்டியிலும் கொலன்னாவையிலும் கூரைவரை தண்ணீர் நின்றது. அப்படி ஒரு நாள் வந்தால் ஒரே வீட்டில் வைத்த இரண்டு பிரதியும் ஒன்றாகப் போய்விடும். என்னிடம் இருக்கும் டிஸ்க்கை நான் திறப்பதில்லை. அது மாமாவின் பொருள், என் வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ரொறொன்ரோவில் இருந்து வந்த மாமாவின் சகலன் இதைக் கேள்விப்பட்டு பென் டிரைவோடு வந்தார். “அத்தான், எனக்கும் ஒருக்கா அடிச்சுத் தாங்கோவன்.” மாமா எழும்பிப் போய் ஈழத்துச் சீடிகளின் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, வெளியிட்டவர்களில் யார் யார் இன்னும் பிரதி வைத்திருப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மனுசன் கொஞ்சம் முகம் சுழித்தார்தான். ஆனால் போகும்போது கையில் காசு கொடுத்து வாங்கிய மூன்று சீடி இருந்தது.

கடைசியில் நின்றவை அந்த 41 கசெட். றெக்கோடிங் பார் பதிவுகள் யாருக்கும் ஒரு சதமும் போகாமல் எடுத்த பிரதிகள், மாமாவின் நிபந்தனைப்படி அவை கோப்பாகக் கூடாது. எறியவும் அவருக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றின் அட்டையிலும் தன் கையால் பக்கம் ஏ, பக்கம் பி என்று பாட்டுப் பட்டியல் எழுதியிருக்கிறார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது. பாட்டு மற்றவருடையது, அந்த ஒழுங்கு மாமாவுடையது. அவை எல்லாமே சினிமாப் பாட்டு, ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கும். ஆகவே நாங்கள் வேண்டாம் என்று தள்ளி வைத்த சந்தாவை இதற்காக மட்டும் எடுத்தோம். குடும்பத் திட்டம் ஒரே முகவரியில் இருப்பவர்களுக்குத்தான் என்பதால் என்னுடையதில் அவரைச் சேர்க்காமல் அவர் பெயரிலேயே தனியாக. கசெட் அட்டையைப் பார்த்து, அதே ஒழுங்கில், ஒரு பக்கத்துக்கு ஒரு பட்டியல். இதுவரை ஒன்பது கசெட் முடிந்திருக்கிறது.

முதல் கசெட்டின் பக்கம் ஏயில் கடைசிப் பாட்டு, நாடா தீர்ந்து சரணத்தின் நடுவில் அறுந்துபோகும். மாமா அதை அப்படியே முப்பத்தைந்து வருசம் கேட்டவர். அன்று பட்டியலைப் போட்டுவிட்டு நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்ததும், வழக்கம்போலக் கசெட்டைத் திருப்பிப் போட எழும்பியவர், பாதி எழும்பிய நிலையிலேயே நின்றுவிட்டார்.

“பிள்ளை, இது இன்னும் பாடுது.”